நோட்டுக் கடைக்கு சீசன் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பிளஸ் டூ தேர்வு முடிந்திருக்கும். கல்லூரி திறக்க இன்னும் நாள் கிடக்கிறது. மே பிறந்ததும் ஊருக்கு ஊர் ஸ்டேஷனரி கடை வாசலில் ‘சீசனுக்கு ஆட்கள் தேவை’ என்று ஒரு சார்ட் பேப்பரில் எழுதித் தொங்கவிடுவார்கள். (அந்த எழுத்து நேராகப் போகிறதா, தாளின் ஓரத்துக்கு வந்ததும் நெருக்கியடித்துக்கொண்டு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கடையின் லட்சணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும்.) உங்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேலை கேட்பீர்கள். “சும்மா செல்லை நோண்டிக்கிட்டு இருக்கிறதுக்கு நாலு காசு சம்பாதிக்கட்டும்” என்று வீட்டிலேயே தள்ளிவிட்டும் இருப்பார்கள். எப்படிப் போனாலும் சரி, போகிற உங்களுக்குத்தான் இந்த மடல்.

1990-களின் தொடக்கத்தில் நானும் அப்படிப் போனவன். மதுரையில், மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில், வாசல் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் ஒரு கடை. அடுத்தடுத்த கோடைகளிலும் அதே கடைக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் பார்த்த எந்த வேலைக்கும் காகிதத்தோடு பெரிய சம்பந்தம் இல்லை. ஆனாலும் எந்த ஊரில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் ஸ்டோர் ஏதாவது இருக்கிறதா என்று கண் தேடுகிறது. இருந்தால் உள்ளே போகாமல் கால் நகராது. வீட்டில் இதைக் கிறுக்கு என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொன்னால் உங்களில் இரண்டு பேருக்காவது தொற்றாதா என்று ஓர் ஆசை.

சேர்ந்த அன்றே உங்களை எங்கே நிறுத்துவது என்று முதலாளி பார்ப்பார். எல்லாருக்கும் முன் கவுண்டர்தான் வேண்டும். ஃபேன் காற்று வரும், தெருவை வேடிக்கை பார்க்கலாம், கையெட்டும் தூரத்தில் வாசனை ரப்பரும் பொம்மைத் தலை வைத்த பென்சிலும் இருக்கும். நீங்கள் அதற்கு அடித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே, தாள் அடுக்கியிருக்கும் பக்கம் கேளுங்கள். புழுக்கம் உண்டு, தூசி உண்டு, சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆனால் தொழில் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கடைக்கு நோட்டுச் சரக்கு சிவகாசியிலிருந்து வரும். சிவகாசி என்றால் பட்டாசு என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, லாரியிலிருந்து நோட்டுக் கட்டு இறக்கும்போதுதான் அந்த ஊரின் இன்னொரு முகம் தெரிந்தது. அந்த ஊர்க்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. வந்த அச்சகம் வருஷம் முழுக்கச் சும்மா இருக்குமா? காலண்டர், டைரி, நோட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. தீயும் காகிதமும் ஒரே ஊரில் குடித்தனம் நடத்துவது அங்கே மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நோட்டுக்குள் இருக்கும் தாள் வேறு ஊர்களின் சரக்கு. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய டி.என்.பி.எல். ஆலை சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிறது. ஆலை இருக்கும் இடத்துக்கே காகிதபுரம் என்று பெயர். அடுத்த முறை பரீட்சைத் தாளை வாங்கியதும் கேள்வியைப் பார்த்து வியர்க்கும்போது, கையில் இருப்பது ஒரு காலத்தில் கரும்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தெம்பு வரலாம்.

கடையில் வயதான கணக்கர் ஒருவர் இருந்தார். ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முதலாளி ‘அண்ணாச்சி’ கல்லாவில் இருப்பார். சரக்கு பற்றிய சந்தேகம் எதுவானாலும் ஐயாவிடம்தான் போகும். அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது குயர் கணக்கு. ஒரு குயர் என்றால் 24 தாள். ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். ஆக, ஒரு குயர் நோட்டு 96 பக்கம், இரண்டு குயர் நோட்டு 192 பக்கம். பல நோட்டுகளில் 192 என்று ஒரு விநோதமான எண் இருப்பதைப் பார்த்து, “ஏன் 200 ஆகப் போடக்கூடாதா?” என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். காரணம் இந்தப் பழைய குயர்தான். இப்போது அட்டையில் குயர் என்று இருக்கும், உள்ளே பக்கம் குறைந்திருக்கும். அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

அடுத்தது எடை. ஏ4 தாள் கட்டின் மேல் 70 ஜிஎஸ்எம், 75 ஜிஎஸ்எம், 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ0 என்பது ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக்கினால் ஏ1, இப்படியே நாலு தடவை பாதியாக்கினால் ஏ4. எனவே ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் எடை 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. 70 ஜிஎஸ்எம் என்றால் 2 கிலோ 190 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். மேலுறையில் 80 என்று அடித்துவிட்டு உள்ளே 70 வைத்த கட்டு எதுவானாலும் தராசில் ஏறியதும் மாட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என்னைப் பாடாய்ப்படுத்திய வகுத்தல் கணக்கு ஒரு தராசுத் தட்டில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

இந்த ஏ4-இன் வடிவத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் மடித்தால் வரும் ஏ5-க்கும் அதே நீள அகல விகிதம்தான். இன்னும் மடித்தாலும் அதேதான். பழைய ஃபுல்ஸ்கேப் தாளை மடித்துப் பாருங்கள், அந்த வேலை நடக்காது. நீளத்துக்கும் அகலத்துக்கும் இரண்டின் வர்க்கமூல விகிதம் இருந்தால்தான் இப்படி வரும். இதை ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க் 1786-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அது ஜெர்மனியின் அதிகாரபூர்வ அளவாக ஆனது 1922-இல். ஜெராக்ஸ் கடைக்காரர் ஏ3-ஐ ஏ4 ஆகச் சுருக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் வருகிறதே, அந்தக் கடிதத்தின் புண்ணியம். இதெல்லாம் ஐயா சொன்னதில்லை, நான் பிற்பாடு படித்தது. ஆனால் மடித்துக் காட்டியது அவர். படிக்கத் தூண்டியது அந்த மடிப்பு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்ந்த புதிதில், வந்தவர் நோட்டு கேட்டால் நான் நோட்டை எடுத்துக் கொடுப்பேன். ஐயா குறுக்கே புகுந்து, “எதுக்குங்க?” என்பார். கூட்டம் நெருக்கும் நேரத்தில் இது என்ன வெட்டிக் கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கரை வேட்டி கட்டிய ஒருவர் நீள நோட்டு கேட்டார். ஐயா வழக்கம்போல எதுக்கு என்றார். “மொய்க்கு” என்றார் வந்தவர். உடனே நான் எடுத்து வைத்திருந்த நோட்டை ஐயா ஒதுக்கினார். அது நடுவில் பின் அடித்த நோட்டு. பின் துருப்பிடித்தால் நடுத்தாள் கழன்றுவிடும். மொய் நோட்டுக்கு நூலால் தைத்த பைண்டிங் வேண்டும், கெட்டி அட்டை வேண்டும், வலது ஓரத்தில் ரூபாய்க்குக் கோடு வேண்டும். இன்றைக்கு மகளின் காதுகுத்துக்கு ஒருவர் எழுதிய மொய்யை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். அது அடுத்த மாசமாகவும் இருக்கலாம், இருபது வருஷம் கழித்தும் இருக்கலாம். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கம் குடும்பத்தின் மானமே அந்த நோட்டில் இருக்கிறது. “பேனா?” என்றார் வந்தவர். நான் மைப் பேனாவை நீட்டினேன். ஐயா தலையை ஆட்டினார். பந்தி முடிந்து கை கழுவின ஈரத்தோடு வந்து மொய் எழுதச் சொல்வார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தாய்மாமன் பேரே கரைந்துபோகும், பால்பாயிண்ட் கொடு என்றார்.

இப்போது அந்தப் பக்கமெல்லாம் மொய் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, கையோடு ரசீதும் அடித்துத் தருகிறார்கள். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த நோட்டும் பேனாவும் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. அதுவரை அவை அலமாரியில் இருக்கும் சரக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் நின்றார்.

நானும் கேட்கத் தொடங்கினேன். லாரி ஆபீஸ்காரர் கார்பன் பேப்பர் கேட்டால் எத்தனை பிரதி என்று கேட்க வேண்டும். மூன்று பிரதி என்றால் தாள் மெல்லிசாக இருக்க வேண்டும், பேனா பால்பாயிண்டாக இருக்க வேண்டும். மைப் பேனாவை அந்த அழுத்து அழுத்தினால் நிப்பு கால் பரப்பிவிடும். ஜோசியர் ஜாதக நோட்டு கேட்பார். அவருக்குக் கட்டத்துக்குள் எழுத மெல்லிய முனை வேண்டும். பத்திர எழுத்தருக்கு மை மங்கக்கூடாது. டீச்சர்கள் சிவப்புப் பேனா வாங்கும்போது டஜன் கணக்கில் வாங்குவார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து பிள்ளைகளின் நிலைமையை நான் ஊகித்துக்கொள்வேன். சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டோடு வருவார்கள். தமிழுக்கு இரண்டு கோடு நோட்டு, இங்கிலீஷுக்கு நாலு கோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம் போட்டது. ஒன்றை மாற்றிக் கொடுத்தாலும் அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டிவரும். ஆகவே சீட்டை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

மேப் விற்பதுதான் எனக்குப் பிடித்த வியாபாரம். “அண்ணே, இந்தியா ரெண்டு, தமிழ்நாடு நாலு, உலகம் ஒண்ணு” என்று ஒரு வாண்டு கை நீட்டும். “ஆறு போட்டதா, ஆறு போடாததா?” என்று கேட்டு, உலகத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துச் சில்லறை வாங்கிப் போடுவேன். ராஜராஜ சோழனுக்குக்கூட இப்படி ஓர் அதிகாரம் வாய்த்திருக்காது.

கடையின் பின்பக்கம் ஜன்னலோரம் ஒரு மேஜையில் பேனா ரிப்பேர் நடக்கும். மைப் பேனாவின் காலம் அப்போதே சாய்ந்துகொண்டிருந்தது. இருந்தாலும் பத்திர எழுத்தர்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள், கையெழுத்து நன்றாக வரவேண்டும் என்று அப்பா அடித்துச் சொன்ன பிள்ளைகள் வருவார்கள். நிப்பின் பிளவில் மை காய்ந்து அடைத்துக்கொண்டால் பிளேடின் முனையை உள்ளே விட்டு ஓர் இழு. கழுத்து கசிந்தால் மரையில் நூல் சுற்றி வேசலின் தடவுவது. கறுப்பு எபனைட் பேனாக்களைக் கையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விரலின் சூடு அதில் ஏறிவிடும். பிளாஸ்டிக்கில் அது வராது. தமிழ்நாட்டில் கையால் கடைந்து பேனா செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்னைக்குப் போனால் பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையிலுள்ள ஜெம் அண்ட் கோவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பேனாவுக்காகவே வாழ்ந்துவரும் பழைய கடை அது.

மையைப் பற்றி ஐயா சொன்ன ஒன்றை இன்றும் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவேன். கடுக்காயை இடித்து ஊறவைத்த நீரில் அன்னபேதியைப் போட்டால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மை அப்படித்தான் செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்து பிடிக்கிற கறுப்பு அது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக ஓக் மரத்துக் காய்ப்பு முடிச்சு. பழைய முறை ப்ளூ பிளாக் மையிலும் இதே வேதியியல்தான் வேலை செய்தது. எழுதும்போது நீலமாக இருந்து காற்றுப் பட்டுக் கறுக்கும். மருந்துக் கடையில் இருக்கும் கடுக்காயும் மேஜை மேல் இருக்கும் மையும் உறவுக்காரர்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கடையே கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

நான் கடையில் நின்ற காலத்தில் விற்பனையில் ராஜா ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட். வெள்ளை உடம்பு, நீல மூடி, பக்கவாட்டில் ‘045 ஃபைன் கார்ப்யூர்’ என்று எழுத்து. பத்துப் பேரில் ஆறு பேர் பேனா என்று கேட்கமாட்டார்கள், “ரெனால்ட்ஸ் குடுங்க” என்பார்கள். கார்ப்யூர் என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் அப்போது தெரியாது. முனையிலிருக்கும் உருண்டை செய்யப்பட்ட கார்பைடுக்குப் பிரெஞ்சுப் பெயர் அது. மில்டன் ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்கர் 1945 அக்டோபரில் நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் பால்பாயிண்ட் பேனாவை 12 டாலர் 50 சென்டுக்கு விற்பனைக்கு வைத்தபோது முதல் நாளே கூட்டம் முண்டியடித்து ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவர் பெயர் பிரான்ஸ் வழியாகச் சென்னைக்கு வந்து, கடைசியில் மதுரைச் சட்டைப் பைகளில் குத்தி நின்றது. ஒரு பேனா நடந்து வந்த தூரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் மலைப்புமாக இருக்கிறது.

பென்சில் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே நான் அதிகம் நின்றதில்லை. சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட நடராஜ், அதே இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனத்தின் அப்சரா, இரண்டும் மும்பைக்காரர்களின் சரக்கு. மரம் பெரும்பாலும் காஷ்மீரத்துப் பாப்ளர். புல்வாமா மாவட்டத்தில் உகூ என்ற ஊர் முழுக்க அந்த மரத்தைப் பட்டையாக அறுத்து அனுப்புகிறது. ஹெச்பி, 2பி என்று போட்டிருப்பது கிராஃபைட்டோடு எவ்வளவு களிமண் சேர்த்துச் சுட்டார்கள் என்பதைப் பொறுத்தது. களிமண் கூடினால் கெட்டி, குறைந்தால் கறுப்பு. 1795-இல் பிரான்சின் கோந்தே கண்ட வழி. படம் வரைகிற பிள்ளை வந்து ஹெச்பி கேட்டால் 2பி-யையும் காட்டுங்கள். அவ்வளவு போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்வேன். கவுண்டரில் எழுதிப் பார்க்கத் தாள் வையுங்கள். எங்கள் கடையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் அதற்கென்றே கிடக்கும். புதுப் பேனாவைக் கையில் கொடுத்தால் பெரியவர்கள் முதலில் பிள்ளையார் சுழி போடுவார்கள், பிறகு தங்கள் பெயரோ ஊர்ப் பெயரோ எழுதுவார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் நேராகக் கையெழுத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் சுருள் சுருளாகக் கிறுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேரனுக்குப் பேனா வாங்க வந்து, தானே கையில் பிடித்து நீளமாக ஒரு கோடு இழுத்து, “வழுக்கிக்கிட்டுப் போகுது, இதையே குடு” என்று சொன்னார். அதைவிடச் சரியான பேனா விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. இன்றைக்குப் பேனா ஐந்தைந்தாகப் பிளாஸ்டிக் உறையில் மூடி ஒட்டி வருகிறது. பிரிக்கக்கூடாது என்கிறார்கள். செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. எழுதிப் பார்க்காமல் வாங்கிய பேனாவின் மேல் யாருக்கும் ஆசை வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் கடைக்கு இன்னும் ஆள் வருகிறது என்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வருகிறது. முதலாளியிடம் சொல்லி ஓர் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஸ்டேஷனரிப் பிரியர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். தோல் அட்டை நோட்டு, தங்க முலாம் பேனா என்று வாங்கி அலமாரியில் பூட்டுகிறவர்கள். மரியாதையாகவே விற்றுவிடுங்கள், வியாபாரம் வியாபாரம்தான். ஆனால் அவர்களை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதிய நோட்டுக்குத்தான் அழகு. பரிசுப் பெட்டியில் ஜோடியாக வரும் பேனாக்களைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் பெட்டி பிரிக்காமலேயே கை மாறிக்கொண்டிருக்கும் அவற்றில் மை இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இந்த ஜூனில் உங்களிடம் நிறையப் பேர் விலை பற்றிச் சண்டைக்கு வருவார்கள். அதற்கும் தயாராக இருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மாணவர்களின் நோட்டுகள், பென்சில், ஷார்ப்னர், ரப்பர், கிரேயான், மேப் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பேனாவுக்கு அந்தச் சலுகை இல்லை. “வரியைத்தான் எடுத்துட்டாங்களே, ஏன் குறையலை?” என்று பேனாவைக் காட்டிக் கேட்பார்கள். கோபப்படாமல் விளக்குங்கள். பழைய விலை அச்சடித்த நோட்டு உள்ளே கிடந்தால் முதலாளியிடம் காட்டிக் கேட்டுவிட்டு விற்பது நல்லது.

கடைசியாகக் கால் வலி. எங்கள் காலத்தில் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டேதான் இருப்போம். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்காரக்கூடாது, கடைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பார்கள். நோட்டுக் கட்டின் மேல் கொஞ்சம் சாய்ந்தாலே முறைப்பு வரும். உங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். 2018-இலேயே கேரளம் செய்த காரியம். சீசன் ஆள்தானே என்று யாராவது சொன்னால், சீசன் ஆளுக்கும் இரண்டு கால்தான் என்று பணிவாகச் சொல்லுங்கள். சம்பளத்தையும் முதல் நாளே பேசிவிடுங்கள். நாள் கூலியா, மாசக் கணக்கா, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாளுக்குப் பஞ்சமில்லாத கடையில் இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூன் முடிந்து நீங்கள் கிளம்பும்போது அலமாரியின் மேல்தட்டில் யாரும் கேட்காத சரக்கு ஏதாவது கிடக்கும். கார்பன் பேப்பர், சிலேட்டுப் பல்பம், நூலில் தைத்த பேரேடு, ஏதோ ஒன்று. அதில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்து, கல்லாவில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். தள்ளுபடி கேட்க வேண்டாம். சீசன் ஆளுக்கு முதலாளி நீங்கள் கேட்காமலேயே குறைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் அந்தக் கவுண்டரில் நின்ற ஓர் அண்ணன்